அம்மா பார்க்கும் இடம்

ஏம்மா, உன்னத்தான். உன் கம்ப்யூட்டர் திரையில வெள்ளையும் சாம்பலுமா கட்டம் கட்டமா வந்திருக்கே, அது வந்துட்டா அந்த இடத்துல படம் இல்லன்னுதான அர்த்தம்? சரி, சரி. நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது சரிதான். அந்த ஒரு விஷயத்தத் தெரிஞ்சுக்க நான் யார் யார்கிட்டல்லாம் ஏச்சு வாங்கினேன்னு சொன்னா நீ சிரிப்ப.

கோவில்பட்டியில ரயில் ஏறினதுல இருந்து உன்னயத்தான் பாத்துக்கிட்டு வாரேன். அந்தக் கல்யாணப் பொண்ணுக்குப் பின்னால நிக்கிறவங்கள ஒவ்வொருத்தரா எடுத்துக்கிட்டே வார. ஊதிவிட்ட மாதிரி போயிடுதாங்க. எனக்கு ஒரே ஒருத்தியத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒருத்திய. அவ போக மாட்டேன்னுட்டா.

யாரா? என் தங்கச்சி வடிவு.

ஏன் அப்படிப் பாக்க? கொலையா பண்ணினேன்? ஒரு போட்டோவுல இருந்து எடுக்கணும்னேன், அவ்வளவுதான். முழுசாக் கேட்டுட்டு அப்புறம் பாரு. நீ திருநெல்வேலியிலதான இறங்குத? நானும் அங்கதான். நேரம் இருக்கு.

என் பேரு ஆவுடையம்மாள். ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸ்ல சூப்பிரண்டா இருக்கேன். கம்ப்யூட்டர் எனக்குப் புதுசு இல்ல. டி.சி., மார்க் ஷீட்டு, அரசாங்கத்துக்கு அனுப்புற விவரம் எல்லாம் என் கையாலதான் அடிக்கேன். ஆனா படத்தத் தொட்டது இல்ல. தொட வேண்டி வரும்னு யாரு நெனச்சா?

எங்க அம்மா போய் ஒரு வருசம் ஆகப்போகுது. தெவசத்துக்கு நல்ல படமா ஒண்ணு பெருசா பிரேம் போட்டு மாட்டணும்னு ஆச. பேப்பர்ல நினைவஞ்சலியும் குடுக்கணும். ஆனா அம்மாவுக்குப் போட்டோன்னாலே ஆகாது. கேமராவப் பாத்தா மூஞ்சி இறுகிப் போயிடும். ரேஷன் கார்டு, ஆதாரு, என் கல்யாண ஆல்பம், எதுல பாத்தாலும் யாரோ பிடிச்சு நிறுத்தி வச்ச மாதிரிதான் இருப்பா. ஒரே ஒரு படத்துலதான் சிரிக்கா. வாய்விட்டு, பல்லு தெரிய, கண்ணு ரெண்டும் சுருங்கிப்போயி. மேல்பல்லு ஒண்ணு இல்லாதது கூடத் தெரியும். அதுவும் ஒரு அழகாத்தான் இருக்கு. வடிவு வீட்டு மொட்டமாடியில வத்தல் காயப்போடும்போது, வடிவு வீட்டுக்காரரு போன்ல எடுத்தது. வடிவு என்னமோ சொல்லியிருக்கா, அம்மா அவ தோள்ல சாஞ்சுக்கிட்டு அவளப் பாத்துச் சிரிக்கா.

அம்மா கடைசி வரைக்கும் வடிவு வீட்டுலதான் இருந்தா. நான் கூப்பிடாமலா? எத்தன தடவ கூப்பிட்டேன். தனி ரூமு, பக்கத்துலயே பாத்ரூமு, டி.வி. எல்லாம் தயாரா வச்சிருந்தேன். வருவா. கொண்டுவந்த பையப் பிரிக்க மாட்டா. மறுநா காலையில, "வடிவு வீட்டுல காத்து நல்லா வரும்"பா. காத்து! நான் ஏ.சி.யே மாட்டினேன். குளிருதுன்னு போயிட்டா. வயசானவங்க அப்படித்தான், ஒரு இடம் பழகிட்டா மாற மாட்டாங்க. அதுல ஒண்ணும் இல்ல. நான் அத மனசுலயே வச்சுக்கிடல.

இப்ப வடிவு பண்ணினதக் கேளு. என் மகன் சங்கரன் சென்னையில வேல பாக்கான். அவனுக்கு முன்னால ஒரு கல்யாணம் ஆகி, ஒத்துவரல. கோர்ட்டுலயே முடிஞ்சு போச்சு. கோர்ட்டே முடிச்சு வச்ச விஷயத்த நாம ஏன் கிளறணும்? சொல்லு. பாளையங்கோட்டையில இருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. தங்கமான பொண்ணு. அவங்க ஒண்ணும் கேக்கல, நான் ஒண்ணும் சொல்லல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். "தம்பிக்கு இது முதல் கல்யாணம்தான?"ன்னு பொண்ணோட அம்மா ஒரு தடவ பேச்சுவாக்குல சொன்னாங்க. அது கேள்வி இல்ல, பேச்சுவாக்கு. நான், "காப்பி ஆறுது, எடுத்துக்கோங்க"ன்னேன். அது பொய்யா? காப்பி ஆறத்தான செஞ்சது?

அந்தம்மா வடிவு வீட்டுக்கு அடுத்த தெரு. கோயில்ல பாத்துக் கேட்டிருக்காங்க. இவ எல்லாத்தையும் சொல்லிட்டா. நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பேசி, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொன்னதுக்கு அப்புறம் வேண்டாம்னுட்டாங்க.

நான் போன் போட்டேன். "ஏட்டி, உனக்கு வாய் நிக்காதா?"ன்னேன்.

"அக்கா, அந்தம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க. சந்நிதியில நிக்கோம். நான் எப்படிக்கா பொய் சொல்ல?"

"பொய் சொல்ல வேண்டாம்ளா. பேச்ச மாத்தத் தெரியாதா உனக்கு?"

அழுதா. நல்லா அழுவா. சின்னப் பிள்ளையில இருந்தே அதுல அவள மிஞ்ச முடியாது. அழுதா அம்மா ஓடி வருவா. இப்ப வர அம்மாவும் இல்ல. போன வச்சேன். அவ நம்பரத் தடுத்து வச்சேன், அவ அனுப்பின செய்தி, படம் எல்லாத்தையும் துடைச்சு விட்டேன். இந்தச் சிரிச்ச படத்த மட்டும் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல முன்னாலயே ஏத்தி வச்சிருந்தேன்.

சங்கரன் என்ன சொன்னான் தெரியுமா? "சித்திய ஏசாதம்மா. நானே சொல்லியிருக்கணும். இப்பத்தான் நிம்மதியாத் தூங்குதேன்"ன்னான். அவன் அப்படித்தான், நல்ல மனசு. யாரையும் விட்டுக்குடுக்க மாட்டான்.

இந்தா, கடம்பூர் வந்துருச்சு. போளி வாங்குதியா? எனக்கு வேண்டாம். சரி, ரெண்டு பொட்டலம் குடுங்கய்யா. ஒண்ணு உனக்கு, பிடி. இது... இது சும்மா பையில கெடக்கட்டும். அவ பிள்ளைக திங்கும்.

எங்க விட்டேன்? ஆங். தெவசத்துக்கு எங்க வீட்டுல மாட்டுற படத்துல அவ எதுக்கு? வெட்டிட வேண்டியதுதானன்னு கேப்ப. வெட்ட முடியாது. அம்மா கன்னம் அவ தலமுடியோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அம்மா முதுகச் சுத்தி அவ கை வேற. ஸ்டுடியோவுல குடுக்கலாம்னா, எங்க பஜார்ல இருக்கிறது ஒரே ஸ்டுடியோ. அந்த ஆளு எங்க ரெண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்துலயே குரூப் போட்டோ எடுத்தவரு. "என்னம்மா, தங்கச்சிய எடுக்கச் சொல்லுதீங்க?"ன்னு ஒரு வார்த்த கேப்பாரு. சாயந்தரத்துக்குள்ள மார்க்கெட்டு பூரா அதே பேச்சாக் கெடக்கும்.

அதான் நானே செய்வோம்னு இறங்கினேன். எங்க கம்ப்யூட்டர் டீச்சர் ஜெபக்கனிதான், "இதுக்கு இலவச சாஃப்ட்வேர் இருக்கு மேடம், இறக்கிக்கோங்க"ன்னு பேரச் சொன்னா. சொன்னதோட சரி, அதுக்கப்புறம் என்னக் கண்டாலே அவளுக்கு எங்கயோ கிளாஸ் இருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல தொறந்து பாத்தேன். அய்யோ தெய்வமே. ஒரு பக்கம் பூரா குட்டிக் குட்டிப் படம். ஒண்ணு வாளி, ஒண்ணு குச்சி, ஒண்ணு முத்திர. ரப்பர் எதுன்னு கண்டுபிடிச்சு வடிவு மேல தேய்ச்சேன். தேய்ச்சா வெள்ள அடிச்ச மாதிரி வருதே தவிர, போக மாட்டேங்கா. சுண்ணாம்பு பூசின பேயி மாதிரி அம்மா பக்கத்துலயே நிக்கா.

இன்டர்நெட்ல இதுக்குன்னு தமிழ்லயே ஒரு குழு இருக்குல்லா? அதுல சேந்து கேட்டேன். "அழிச்சா வெள்ளையா வருது, ஏன்?" பதில் என்ன தெரியுமா? "எந்த வெர்ஷன்?" இன்னொருத்தன், "ஏற்கெனவே பலமுறை கேட்கப்பட்ட கேள்வி, தேடிப் பார்க்கவும்." என்ன பேரச் சொல்லித் தேட? பேரு தெரிஞ்சா நான் ஏன் அவன்கிட்ட கேக்கேன்? இன்னொருத்தன் சிரிக்கிற பொம்ம போட்டான். நான் பள்ளிக்கூட ஆபீஸ்ல எத்தன பேருக்கு, "இந்த இடத்துல கையெழுத்துப் போடுங்க, இந்த இடத்துல, இங்க"ன்னு விரல வச்சுக் காட்டியிருப்பேன். ஒருத்தரப் பாத்து, "முன்னாலயே கேட்ட கேள்வி"ன்னு சொல்லியிருப்பேனா? சரி, சொல்லியிருப்பேன். அது வேற.

ஒரே ஒரு ஆளு மட்டும் ஒழுங்காப் பதில் சொல்லுச்சு. 'பனங்காடு'ன்னு பேரு வச்சிருக்கு, ஆணா பொண்ணான்னு தெரியாது. "அம்மா, படத்துக்கு ஆல்பா சேனல் சேர்த்துட்டு அழியுங்க. கட்டம் கட்டமா வந்தா அந்த இடம் காலின்னு அர்த்தம்"ன்னு எழுதியிருந்துச்சு. செஞ்சேன். கட்டம் வந்துச்சு. வடிவோட ஒரு காது போச்சு. எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

மறுநா தொறந்தா ரப்பர் ஓடல. தேய்க்கேன், தேய்க்கேன், ஒண்ணும் நடக்கல. அழிஞ்ச காத வேற அவ எங்கிட்ட இருந்து திரும்ப வாங்கிக்கிட்டு நிக்கா. ஏன்னா நான் சேமிச்சதே சேமிக்கலையாம். சேமிக்கிறது ஒண்ணாம், வெளிய எடுக்கிறது ஒண்ணாம். ரப்பர் ஏன் ஓடலன்னா, படத்துல ஒரு மூலையில எறும்பு ஊர்ற மாதிரி ஒரு கோடு ஓடிக்கிட்டு இருக்கு, நான் தெரியாமக் கட்டம் போட்டிருக்கேன், அந்தக் கட்டத்துக்கு உள்ள மட்டும்தான் ரப்பர் வேல செய்யுமாம். அத ஒருத்தன் சொன்னா என்ன? அந்த சாஃப்ட்வேரே சொன்னா என்ன? 'ஏ ஆவுடை, நீ கட்டத்துக்கு வெளிய நின்னு தேய்க்க'ன்னு ஒரு வார்த்த? சொல்லாது. ஊமையா இருந்துக்கிட்டு நம்மளப் பைத்தியமாக்கும்.

லேயர்னு ஒண்ணு, உனக்குத் தெரியும். கண்ணாடித் தாள அடுக்கி வச்ச மாதிரி. நான் மேல் தாள்ல நின்னுக்கிட்டு அடித்தாள அழிக்கேன், அழிக்கேன். சாப்பாட்டு நேரம் பத்தாம, லீவு நாள்ல எல்லாம் போய் ஆபீஸத் தொறந்தேன். ஹெட்மாஸ்டரு, "எவ்வளவு அக்கறையா வேல பாக்கீங்க"ன்னு மெச்சினாரு.

ஒரு வழியா எடுத்துட்டேன். முடி முடியா, பெருசாக்கிப் பெருசாக்கி எடுத்தேன். எந்த முடி அம்மாவோடது, எந்த முடி வடிவோடதுன்னே தெரியல. அவளுக்கும் நரைச்சிருக்கு பாரேன், நான் கவனிச்சதே இல்ல. காதோரம் பூரா வெள்ள. நெத்தியில, சின்னதுல எங்கூட ஓடிப் பிடிச்சு விளையாடும்போது படியில விழுந்த தழும்பு. அதையும் பெருசாக்கிப் பாத்துத்தான் அழிச்சேன். அவ இருந்த இடத்துல வானத்த எடுத்து ஒட்டினேன். முத்திர மாதிரி இருக்கே, அந்தக் கருவி, ஒரு இடத்துல இருந்து எடுத்து இன்னொரு இடத்துல பதிக்கும்.

முடிச்சுப் பாத்தா, அம்மா ஒரு பக்கமாச் சாஞ்சுக்கிட்டு ஒண்ணுமே இல்லாத வானத்தப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கா. பாக்க நல்லாவா இருக்கும்? சித்தம் கலங்கினவ மாதிரி இருந்துச்சு. எங்க அம்மாவ அப்படி மாட்ட முடியுமா? நேரா நிமித்திப் பாத்தேன், கைப்பிடிச் சுவரு சாஞ்சுக்கிடுச்சு. கண்ணத் திருப்பலாமான்னு குழுவுல கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க.

சரி, அங்க யாராவது இருந்தாத்தான நல்லாருக்கும்? யாரு இருக்கணும்? மூத்த மக நான் இருக்கேன்லா. ஆண்டு விழாவுல எடுத்த படத்துல இருந்து என்னய வெட்டி எடுத்து அந்த இடத்துல வச்சேன். அதே பச்சச் சேலதான் தெரியுமா? வடிவும் பச்ச, நானும் பச்ச. ஒரு தீவாளிக்கு அம்மா ரெண்டு பேருக்கும் எடுத்துக் குடுத்தது. அளவச் சின்னதாக்கி, ஓரத்தையெல்லாம் மெத்துன்னு ஆக்கி, செவனேன்னு வச்சாச்சு. ஆனா என்னமோ ஒட்டல. என்னன்னு தெரியல. மறுபடி குழுவுல படத்தப் போட்டு, "ஏன் செயற்கையாத் தெரியுது?"ன்னு கேட்டேன்.

ஒருத்தன் நிழல் போடுங்கன்னான். ஒருத்தன் நிறத்த மாத்துங்கன்னான். இந்தப் பனங்காடு இருக்கே, அது எழுதுது: "அம்மா, அவங்க மேல வெயில் இடது பக்கம் விழுது, உங்க மேல வலது பக்கம். அது கூடப் பரவாயில்ல. ஆனா அவங்க பார்க்கிற இடத்துல நீங்க இல்ல. அவங்க கண்ணு இன்னும் கொஞ்சம் கீழே, கிட்டக்கப் பார்க்குது. அங்க வேற யாரோ இருந்திருக்காங்க. அந்த மூலப் படம் இருந்தா அதையே வச்சுக்கோங்க. அதுதான் நல்ல படம்."

எப்படி இருக்கும் எனக்கு? நான் என்ன கேட்டேன், அது என்ன சொல்லுது? நான் வெளிச்சத்தப் பத்தித்தான கேட்டேன்? யாரு எங்க இருந்தாங்கன்னு நான் கேட்டேனா? "உங்க வேலையப் பாருங்க"ன்னு எழுதிட்டுக் குழுவ விட்டே வெளிய வந்துட்டேன். கோவத்துல படத்த அப்படியே பழைய படத்து மேலயே பதிச்சும் விட்டேன். அப்படி ஒரு பொத்தான் வச்சிருக்கான் பாத்தியா, அவனச் சொல்லணும்.

வெளியூர்ல குடுத்துப் பெருசாப் போட்டு, பிரேம் பண்ணி, கூடத்துல மாட்டினேன். பாத்தவங்கல்லாம் நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. பக்கத்து வீட்டு மதினி மட்டும், "உங்களுக்குக் கழுத்து ஏன் இப்படி இருக்கு?"ன்னாங்க. அவங்களுக்குக் கண்ணுல புரை.

பொறவு சங்கரன் லீவுல வந்தான். செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்தவன் அப்படியே நின்னுட்டான். படத்துக்குக் கிட்டக்கப் போய்ப் பாத்தான். நான் காப்பியக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன்.

"ஆச்சி உன்னப் பாத்து இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லையேம்மா"ன்னான்.

குத்தமாச் சொல்லல. அவனுக்கு அப்படிப் பேசத் தெரியாது. சாதாரணமா, ஊர்ல மழை இல்லையேங்கிற மாதிரிதான் சொன்னான். சொல்லிட்டுக் காப்பிய வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டான்.

நான் அன்னைக்கே கழட்டி பீரோவுக்குப் பின்னால வச்சுட்டேன். அவன் சொன்னதுக்காக இல்ல. வெளிச்சம் தப்பா இருந்துச்சுல்லா, அதுக்காக. வெயில் ரெண்டு பக்கமும் விழுந்தா பாக்கிறவன் சிரிப்பான்.

இங்க என்ன, நிக்குதே? மணியாச்சியா? கிராஸிங்கா இருக்கும். நிக்கட்டும்.

பழைய படம் வேணும்னு தேடினா, இல்ல. அது மேலதான் பதிச்சுட்டேனே. மறுபடி குழுவுல போய்ச் சேந்து, வெக்கத்த விட்டு, "மேலேயே பதிச்ச படத்தத் திரும்ப எடுக்க முடியுமா?"ன்னு கேட்டேன். இந்தத் தடவ ஒருத்தனும் வெர்ஷன் கேக்கல. பனங்காடுதான் எழுதுச்சு: "முடியாதும்மா. முதல்ல எடுத்தவங்ககிட்ட இருக்கும். அவங்ககிட்ட கேளுங்க."

கேக்கத்தான் போய்க்கிட்டு இருக்கேன். படத்துக்காகத்தான். அவ நம்பரத் தொறந்து விட்டு, "மொட்டமாடி படம் இருக்கா?"ன்னு ஒரே வரிதான் அனுப்பினேன். உடனே பதில் வருது, "இருக்குக்கா. சாப்பாட்டுக்கு வந்துருவியா?" பாத்தியா? நான் படத்தக் கேட்டா அவ சோத்தக் கேக்கா.

என்னது? போன்லயே அனுப்பச் சொல்லியிருக்கலாமா? நீ பட வேல பாக்கிற பிள்ள, நீயே இப்படிக் கேக்கலாமா? போன்ல அனுப்பினா சுருங்கிப் போயிடும், தெளிவு கொறைஞ்சிடும். அந்தக் குழுவுல எனக்குச் சொல்லிக்குடுத்ததுல அதுவும் ஒண்ணு. எப்படி? டாக்குமெண்டா அனுப்பினா கொறையாதா? அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வடிவுக்கு என்ன தெரியும்? அவளுக்குச் சொல்லிக்குடுத்து, அவ அத வீட்டுக்காரருக்குச் சொல்லி... அதெல்லாம் ஆகாது. நேர்ல போய் கேபிள் போட்டு எடுத்தாத்தான் சரியா வரும். இந்தா, கேபிள் கூடக் கொண்டுவந்திருக்கேன். எடுத்துட்டு அடுத்த வண்டிக்குத் திரும்பிடுவேன். சாப்பிட்டுட்டு வேணும்னா திரும்பலாம். வெயிலாவும் இருக்கு.

கிளம்பிடுச்சு வண்டி. தாழையூத்து தாண்டினா வந்துரும். நீ மூடி வைக்கிறதுக்கு முன்ன எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு தாயி. குழுவுல கேக்க ஒரு மாதிரியா இருக்கு.

அந்தப் படம் கைக்கு வந்துட்டா, அதுல யாரையும் எடுக்க வேண்டாம். அவ அவ இடத்துலயே இருக்கட்டும். ஆனா அம்மாவுக்கு இந்தப் பக்கம், வத்தல் துணிக்கு மேல, கொஞ்சம் இடம் சும்மாதான் கெடக்கு. அங்க என்னயக் கொண்டுபோய் வச்சா ஒட்டுமா? அம்மா என்னயப் பாக்க வேண்டாம். அவ அந்தப் பக்கம் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும். நான் பக்கத்துல நின்னா போதும். வெயில் மட்டும் எந்தப் பக்கம் விழணும்னு சொல்லு, வடிவு வீட்டு மாடியிலயே போய் நின்னு, அவள விட்டே எடுத்துக்கிடுதேன்.